50 மின்னூல்கள், மறுவிற்பனை உரிமையுடன்: வாங்கிப் பார்த்தேன்

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொகுப்பை ஒரு ஆன்லைன் கடையில் வாங்கினேன். பணம் கட்டிய இரண்டே நிமிடத்தில் டவுன்லோட் லிங்க் வந்துவிட்டது, ஜிப் ஃபைல் ஒழுங்காகத் திறந்தது, 50 மின்னூல் என்றார்கள், எண்ணிப் பார்த்தேன், ஐம்பதும் இருந்தன. எடை குறைப்பது, மின்னஞ்சல் மார்க்கெட்டிங், நாய் வளர்ப்பு, நேரத்தை மிச்சப்படுத்துவது என்று இந்த மாதிரித் தொகுப்புகளில் எப்போதும் வருகிற தலைப்புகள்தான். எழுத்து சுமார். ஒன்றில் உடனே போய் கூகுள் பிளஸ்ஸில் கணக்குத் தொடங்கச் சொல்கிறார்கள். அதை 2019-லேயே மூடியாயிற்று. இதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை, திருத்திக்கொள்ளலாம். நான் வாங்கியதே "மறுவிற்பனை உரிமையுடன்" என்று தலைப்பில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்களே, அதற்காக. அங்கேதான் கோளாறு.

பெரும்பாலான ஃபோல்டர்களுக்குள் லைசென்ஸ் என்று ஒரு குட்டி டெக்ஸ்ட் ஃபைல் கிடக்கும். நானும் அதைத் திறந்திருக்க மாட்டேன், நாய் வளர்ப்பு நூலின் அட்டைப்படத்தைத் தேடப்போய் தவறிக் கிளிக் செய்துவிட்டேன். ஏழெட்டு வரிதான். விற்கலாம்: ஆம். விலையை மாற்றலாம்: ஆம். உள்ளடக்கத்தைத் திருத்தலாம்: இல்லை. இலவசமாகக் கொடுக்கலாம்: இல்லை. ஏலத் தளங்களில் விற்கலாம்: இல்லை. வேறு பொருள்களோடு சேர்த்து விற்கலாம்: இல்லை. மறுவிற்பனை உரிமையை வாங்குபவருக்குக் கொடுக்கலாம்: இல்லை.

கடைசி இரண்டு வரியை மறுபடி படித்துப் பாருங்கள். சேர்த்து விற்கக்கூடாது என்ற நூலை இவர்கள் மற்ற 49 நூல்களோடு சேர்த்து விற்றிருக்கிறார்கள். உரிமையைக் கைமாற்றக்கூடாது என்றிருக்க, அந்த உரிமையையே எனக்கு விற்றிருக்கிறார்கள். தன்னிடம் இல்லாததை ஒருவர் எப்படி எனக்குக் கொடுப்பார்? நான் நல்லெண்ணத்தில் பணம் கொடுத்து வாங்கினேன் என்பதால் இல்லாத உரிமை முளைத்துவிடாது. நாளைக்கு அந்த நூலை எழுதியவர் வந்து கேட்டால், என் கடையில் ஏற்றியது நான், பதில் சொல்ல வேண்டியதும் நான்தான்.

சரி, ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து ஐம்பதையும் திறந்தேன். 19 நூல்களுக்குப் பி.எல்.ஆர். (பிரைவேட் லேபிள் ரைட்ஸ்), 14-க்கு மாஸ்டர் ரீசேல், 9-க்கு வெறும் ரீசேல், 5 நூல்களில் "சொந்த உபயோகத்துக்கு மட்டும்", மீதி 3-ல் லைசென்ஸ் ஃபைலே கிடையாது. விற்பனைப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே வார்த்தை.

இந்தச் சொற்களை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய பேர் இருப்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். வெறும் ரீசேல் என்றால் நூலை அப்படியே விற்கலாம், வாங்குகிறவர் படிக்கலாம், அத்தோடு முடிந்தது, அவர் மறுபடி விற்க முடியாது. மாஸ்டர் ரீசேல் என்றால் விற்கிற உரிமையையும் சேர்த்துக் கைமாற்றலாம், ஆனால் பெரும்பாலும் உள்ளே ஒரு வரியைக்கூடத் தொடக்கூடாது. பி.எல்.ஆர். என்றால் பொதுவாகத் திருத்தலாம், சேர்க்கலாம், உங்கள் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். அதற்காக மூல எழுத்தின் பதிப்புரிமை உங்களுக்கு வந்துவிட்டது என்று அர்த்தமில்லை, நீங்கள் புதிதாக எழுதிச் சேர்த்த பகுதிதான் உங்களுடையது, தவிர அந்தப் பி.எல்.ஆர். உரிமையையே வாங்குபவருக்குத் தருவதைப் பல லைசென்ஸ்கள் தடுக்கின்றன. இவையும் சட்டத்தில் வரையறுத்த சொற்கள் இல்லை, வியாபாரத்தில் புழங்கும் பெயர்கள். அதனால் பெயரைப் பார்த்து நம்பாமல் அந்த ஆம், இல்லை வரிகளைத்தான் பார்க்க வேண்டும். என் தொகுப்பிலேயே பி.எல்.ஆர். என்று பெயரிட்ட இரண்டு நூல்களுக்குக் குறைந்தபட்ச விலை உண்டு, அதற்குக் கீழே விற்றால் உரிமை ரத்து என்று கடைசி வரியில் இருக்கிறது.

எனக்கு விற்ற கடையின் கேள்வி பதில் பக்கத்தைப் படித்தால் இன்னும் வேடிக்கை. "காசு கொடுத்து வாங்கிய புத்தகத்தைப் பழைய புத்தகக் கடையில் விற்பதில்லையா, இதுவும் அப்படித்தான்" என்கிறார்கள். அப்படி இல்லவே இல்லை. அச்சுப் புத்தகத்தைக் கைமாற்றினால் உங்களிடம் இருந்தது போய்விடும். ஃபைலை அனுப்பினால் இன்னொரு நகல் பிறக்கிறது. அமெரிக்காவில் ஐடியூன்ஸில் வாங்கிய பாட்டுகளை மறுபடி விற்க வழி செய்த ரீடிஜி நிறுவனம் இந்தக் கடை சொல்லும் இதே வாதத்தை வைத்துத்தான் 2018-ல் மேல்முறையீட்டிலும் தோற்றது. ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012-ல் டவுன்லோட் செய்த மென்பொருளின் நிரந்தர லைசென்ஸை, தன் நகலை அழித்துவிட்டு, மறுபடி விற்கலாம் என்றது உண்மை. ஆனால் அதே நீதிமன்றம் 2019-ல் பழைய மின்னூல்களை விற்ற டாம் கேபினெட் நிறுவனத்தின் வழக்கில் மின்னூலுக்கு அது பொருந்தாது என்று சொல்லிவிட்டது. ஆக, லைசென்ஸில் எழுதியிருந்தால்தான் உண்டு.

"அமேசானிலும் ஏற்றிச் சம்பாதிக்கலாம்" என்று இன்னொரு வரி. அங்கே நாமே மின்னூல் வெளியிடும் சேவைதான் கேடிபி; அதன் செலக்ட் திட்டத்தில் சேர்த்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறெங்கும் கிடைக்கக்கூடாது என்பது விதி. ஆயிரம் பேர் கையில் இருக்கும் நூலுக்கு அந்த வாக்குறுதியை நான் எப்படிக் கொடுப்பேன்? 2009-ல் உரிமை இல்லாத ஒருவர் ஏற்றிய இரண்டு நாவல்களை, காசு கொடுத்து வாங்கிய வாசகர்களின் கிண்டிலுக்குள் இருந்தே அமேசான் அழித்தது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள், அப்புறம் மன்னிப்பும் கேட்டார்கள், ஆனால் விற்றவருக்கு உரிமை இல்லாவிட்டால் வாங்கியவர் வரைக்கும் அந்த ஓட்டை போகும் என்பதற்கு இதைவிட வேறென்ன காட்ட?

அட்டைப்படங்களைப் பற்றி நீட்டி முழக்கவில்லை. படத்துக்கும் எழுத்துருவுக்கும் தனித்தனி லைசென்ஸ் உண்டு, நூலோடு அது தானாக வராது. ஒரு அட்டையில் புகைப்படத் தளத்தின் வாட்டர்மார்க் அப்படியே தெரிகிறது. சிரிப்புத்தான் வந்தது.

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். எந்தெந்த நூலுக்கு உங்களுக்கே உரிமை இருக்கிறது, அதை யாரிடம் வாங்கினீர்கள், லைசென்ஸ் இல்லாத மூன்றையும் எழுதியது யார், இவ்வளவுதான் கேட்டேன். மறுநாள் பதில் வந்தது: கவலைப்படாதீர்கள், இதையெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால், டிஜிட்டல் பொருளுக்குத் திருப்பித் தருவதில்லை என்று இன்னொரு பதில், இந்த முறை பத்து நிமிடத்தில். அதற்கு மேல் எழுதிய இரண்டு மின்னஞ்சலுக்கும் சத்தமில்லை.

ஐந்துக்கு இரண்டு நட்சத்திரம். அந்த இரண்டும் பி.எல்.ஆர். நூல்களுக்காக; அவற்றையும் இவர்கள் எங்கிருந்து வாங்கினார்கள் என்ற பதில் வரும்வரை விற்கப்போவதில்லை, தலைப்பும் குறிப்புகளும் எனக்கு உதவும், மீதியை நானே எழுதிக்கொள்வேன். நீங்கள் இதையோ இதுபோன்ற வேறொன்றையோ வாங்குவதாக இருந்தால், பணம் கட்டுவதற்கு முன்பே லைசென்ஸ் ஃபைலை மட்டும் அனுப்பச் சொல்லுங்கள். நான் மற்ற இரண்டு கடைகளில் கேட்டேன். ஒருவர் உடனே அனுப்பினார், இன்னொருவர் முதலில் வாங்குங்கள் என்றார்.

நாய் வளர்ப்பு நூலை இரண்டு நாள் கழித்து முழுக்கப் படித்தேன். ஐம்பதிலும் உருப்படியாக எழுதியிருப்பது அது ஒன்றுதான். விற்க முடியாது, அது வேறு விஷயம்.