கலவைக் கணக்கு: சமன்பாடா, அலிகேஷனா, மாறாததைப் பிடிப்பதா?

20% அமிலக் கரைசல் ஒன்று இருக்கிறது, 50% கரைசல் இன்னொன்று. இரண்டையும் கலந்து 30% செறிவில் 30 லிட்டர் வேண்டும். எதில் எவ்வளவு எடுப்பது? பாடப்புத்தகத்திலும் போட்டித் தேர்விலும் திரும்பத் திரும்ப வரும் மாதிரி இது. வழிகள் பல உண்டு. ஒவ்வொன்றும் எங்கே கைகொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்று பார்ப்போம்.

பள்ளியில் சொல்லித் தருவது சமன்பாடு. 20% கரைசல் க லிட்டர் என்றால் மற்றது 30 − க. அமிலத்தை மட்டும் எண்ணினால் 0.2க + 0.5(30 − க) = 9. சுருக்கினால் 15 − 0.3க = 9, ஆக க = 20. அதாவது 20 லிட்டரும் 10 லிட்டரும். இந்த முறைக்குப் பெரிய பலம், எந்தக் கணக்கிலும் முரண்டு பிடிக்காது என்பது. பலவீனம், தசமத்தில் கை நழுவுவதும் நேரம் போவதும். அளவு, செறிவு, அமிலம் என்று மூன்று கட்டம் போட்டு நிரப்பிவிட்டுச் சமன்பாட்டை எழுதினால் பாதித் தவறு குறையும்.

அடுத்தது அலிகேஷன் என்கிற குறுக்குக் கழித்தல். 50 − 30 = 20; 30 − 20 = 10. குறுக்காக எழுதினால் 20% கரைசலுக்கு 20 பங்கு, 50% கரைசலுக்கு 10 பங்கு. விகிதம் 2:1. பேனா எடுக்காமலே முடிந்தது. மந்திரம் ஒன்றுமில்லை: 20% கரைசலில் பங்குக்கு 10 குறைகிறது, 50% கரைசலில் பங்குக்கு 20 மிஞ்சுகிறது, குறைவும் மிச்சமும் சமமாக வேண்டும், அவ்வளவுதான். இது நேற்று வந்த குறுக்குவழியும் இல்லை. 1150-ல் பாஸ்கராசாரியர் எழுதிய லீலாவதியில், வெவ்வேறு மாற்று (தூய்மை அளவு) உள்ள இரண்டு பொன்னைக் கலப்பதற்கு இதே கழித்தல் விதி இருக்கிறது.

இதில் வழக்கமாக நடக்கும் தப்பு, விகிதத்தைத் தலைகீழாக எழுதிவிடுவது. இலக்கு எந்தக் கரைசலுக்குப் பக்கத்தில் இருக்கிறதோ, அதுதான் அதிகம் போக வேண்டும். 30 என்பது 20-க்குத்தான் பக்கம். இந்த ஒரு பார்வையே சரிபார்ப்புக்குப் போதும்.

செறிவை விகிதமாகக் கொடுத்தால்தான் சிக்கல். அமிலமும் நீரும் ஒரு பாத்திரத்தில் 3:2, இன்னொன்றில் 7:3. சம அளவில் கலந்தால் என்ன விகிதம்? 3-ஐயும் 7-ஐயும் கூட்டி, 2-ஐயும் 3-ஐயும் கூட்டி, 10:5 என்று எழுதிவிட்டுப் போகிறவர்கள் நிறைய. ஆனால் அந்தக் கூட்டல், முதல் பாத்திரத்தில் 5 லிட்டரும் இரண்டாவதில் 10 லிட்டரும் எடுத்ததற்கான விடை. சம அளவு என்றால் 60%, 70% என்று மாற்றிச் சராசரி எடுக்க வேண்டும்: 65%, அதாவது 13:7. கணக்கு என்னவோ எளிதுதான், விகிதத்தைப் பின்னமாக மாற்றாமல் கூட்டுவதில்தான் வழுக்கும்.

மூன்றாவது வழியைத்தான் பலரும் கண்டுகொள்வதில்லை: எது மாறவில்லை என்று பார்ப்பது. நீர் சேர்த்தாலும் ஆவியானாலும் கரைந்த பொருள் அப்படியே இருக்கும். 25% உப்புக் கரைசல் 40 கிலோ, அதை 20% ஆக்க எவ்வளவு நீர் சேர்க்க வேண்டும்? உப்பு 10 கிலோ. 10 கிலோ என்பது 20% ஆகவேண்டுமென்றால் மொத்தம் 50. ஆக 10 கிலோ நீர். மாறி எதுவும் தேவைப்படவில்லை.

இதன் அருமை இந்தக் கேள்வியில் தெரியும். 100 கிலோ பொருளில் 99% நீர். காயவைத்தபின் நீர் 98%. இப்போது எடை என்ன? 99 கிலோ என்று சட்டென வாயில் வரும். நீரை விட்டுவிட்டு உலர்பொருளைப் பாருங்கள்: முன்பும் 1 கிலோ, இப்போதும் 1 கிலோ. முன்பு அது 1%, இப்போது 2%. அப்படியானால் மொத்தம் 50 கிலோ. சமன்பாடு போட்டாலும் இதே விடைதான், ஆனால் ஏன் பாதியானது என்பது அதில் இவ்வளவு பளிச்சென்று தெரியாது. ஒரே ஒரு முறையை மட்டும் கற்றுக்கொள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். அலிகேஷனை விடை பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

எடுத்து ஊற்றும் கணக்குகளுக்கும் இதே கண்தான் வேண்டும். 80 லிட்டர் தூய அமிலத்தில் 20 லிட்டர் எடுத்து அதே அளவு நீர் ஊற்றுகிறோம், கலக்கியபின் மீண்டும் அதேபோல். ஒவ்வொரு தடவையும் நான்கில் மூன்று மிஞ்சும்: 80, 60, 45. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள், நீருக்குப் பதில் 10% கரைசலை ஊற்றினால் தடுமாறிவிடுவார்கள். அப்போது செறிவை விட்டுவிட்டு 10-லிருந்து உள்ள இடைவெளியைப் பாருங்கள். 50%-ல் தொடங்கினால் இடைவெளி 40, அப்புறம் 30, அப்புறம் 22.5. விடை 32.5%.

10%, 20%, 50% என மூன்று கரைசல் கொடுத்து 30%-ல் 30 லிட்டர் கேட்டால்? அலிகேஷனில் இரண்டிரண்டாக ஜோடி சேர்த்து ஒரு விடை வரும், ஆனால் அது ஒன்றுதான் விடை என்று நம்பிவிடும் ஆபத்து உண்டு. 15, 0, 15 லிட்டரும் சரி. 0, 20, 10-உம் சரி. 6, 12, 12-உம் சரி. மூன்று மாறிக்கு இரண்டே நிபந்தனை என்பதைச் சமன்பாடு எழுதினால்தான் பார்க்க முடியும். இந்த இடத்தில் மட்டும் என் ஓட்டு அதற்குத்தான்.