ரெடிஸா, வால்கியா?

2024 மார்ச் வரை ரெடிஸ் தரவுத்தளம் பிஎஸ்டி உரிமத்தில் இருந்தது. யாரும் எடுத்து விற்கலாம். அமேசான் அதைக் கிளவுட் சேவையாகவே விற்றது. பணம் வேறு பக்கம் போவதைக் கண்ட ரெடிஸ் நிறுவனம், எஸ்எஸ்பிஎல் உள்ளிட்ட இரட்டை உரிமத்துக்கு மாறியது. எஸ்எஸ்பிஎல் கடுமையானது: சேவையாக விற்பவர், அதை நடத்த உதவும் கண்காணிப்பு, பேக்கப் மென்பொருள்களின் மூலநிரலையும் வெளியிட வேண்டும்.

அதே மாதம் ரெடிஸின் பழைய நிரலிலிருந்து, திறமூல மென்பொருள்களை ஆதரிக்கும் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் வால்கி என்ற தரவுத்தளம் கிளைத்தது. உரிமம் பழைய பிஎஸ்டியே. அமேசான், கூகுள், ஆரக்கிள் துணை நின்றன. 2025 மே மாதம் ரெடிஸ் 8 பதிப்பு, ஏஜிபிஎல் உரிமத்தையும் சேர்த்துக்கொண்டது; இது நிரலை மாற்றி இணையச் சேவையாகத் தருபவர் அந்த மாற்றிய நிரலை வெளியிடக் கோரும் திறமூல உரிமம்.

சொந்தப் பயன்பாட்டுக்கு எதுவானாலும் சரி. சேவையாக விற்பவருக்கு வால்கியே தொல்லையில்லாதது. உழைத்தவருக்குக் கூலி வேண்டும் என்ற ரெடிஸின் ஆதங்கம் நியாயமானதே. ஆனால் வெளியார் பலரும் பிஎஸ்டியை நம்பி நிரல் எழுதித் தந்த பிறகு உரிமத்தை மாற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை.