நாலு டிஸ்க், மூணு அளவு: எந்த முறை தோதுப்படும்?

8, 8, 12, 16 டிபி என்று அளவு ஒத்துப்போகாத நாலு ஹார்ட் டிஸ்குகள் லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று செத்தாலும் தரவு போகக் கூடாது. இதற்காகப் பல டிஸ்குகளைச் சேர்த்து வைக்கும் முறைதான் ரெய்டு. புழங்க எவ்வளவு இடம் மிஞ்சும்? இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறைமையின் ரெய்டு-இசட்1 எல்லா டிஸ்கையும் 8 டிபியாகவே எண்ணும். அதனால் 24 டிபி. லினக்ஸின் பழைய ரெய்டு கருவியான எம்டிஅட்ம் தரும் ரெய்டு 5-க்கும் அதே கணக்குதான். பிடிஆர்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையின் ரெய்டு 1-இல் (எல்லாம் இரண்டு பிரதி) 22. ஸ்னாப்ரெய்டு என்ற மென்பொருளில் 16 டிபி டிஸ்கைப் பேரிட்டிக்கு (செத்த டிஸ்கின் தரவை மீட்க உதவும் கணக்குக்கு) ஒதுக்கினால் மீதி 28 டிபியும் நமக்கு.

அப்போ ஸ்னாப்ரெய்டுதானே? அவசரப்பட வேண்டாம்.

அதன் நல்ல பக்கம் பெரியதுதான். ஒவ்வொரு டிஸ்கிலும் சாதாரண எக்ஸ்ட்4 கோப்பு முறைமை இருக்கும், கோப்புகள் முழுசாக இருக்கும். மெர்ஜர்எஃப்எஸ் என்ற மென்பொருள் அவற்றை ஒரே ஃபோல்டராகக் காட்டும். ஒரே நேரத்தில் இரண்டு டிஸ்க் போனாலும் மற்றவற்றில் உள்ளது பிழைக்கும். ரெய்டு-இசட்1-இல் அப்படி நடந்தால் மொத்தமும் காலி.

சிக்கல், பேரிட்டி உடனுக்குடன் எழுதப்படுவதில்லை என்பதில் இருக்கிறது. இரவு 3 மணிக்கு சிங்க் (பேரிட்டியைப் புதுப்பிக்கும் வேலை) ஓடுகிறது. காலையில் முதல் டிஸ்கிலிருந்து 40 ஜிபி வீடியோவை அழிக்கிறீர்கள். மதியம் இரண்டாவது டிஸ்க் செத்துப்போகிறது. அழித்த வீடியோவையும் சேர்த்துக் கணக்கிட்ட பேரிட்டி அது. அந்த வீடியோ இப்போது இல்லாததால், அதற்கு நேராக இரண்டாவது டிஸ்கில் இருந்த பகுதி திரும்பி வராது. ஒன்றில் அழித்ததற்கு இன்னொன்றில் தண்டனை! அழிக்க வேண்டியதை அதே டிஸ்கில் ஒரு குப்பை ஃபோல்டருக்கு நகர்த்தி, சிங்க்குக்குச் சற்று முன் அழிப்பது இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும். எழுதியது எழுதியபடி கிடக்கும் சினிமா, பழைய புகைப்படங்களுக்கு இது கச்சிதம். டேட்டாபேஸை இதில் வைக்கவே கூடாது.

நாள் முழுக்க மாறிக்கொண்டிருக்கும் கோப்புகளுக்கு இசட்எஃப்எஸ். செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை வைத்துக் கெட்டுப்போன பிளாக்கைக் கண்டுபிடித்துத் தானே சரிசெய்யும்; ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையைப் பதிந்து வைப்பது) நொடியில் முடியும். டிபிக்கு 1 ஜிபி ரேம் வேண்டும் என்று பயமுறுத்துவார்கள். டிடூப்ளிகேஷன் (ஒரே தரவை ஒருமுறை மட்டும் சேமிக்கும் வசதி) போடாதவரை கவலை வேண்டாம். ரெய்டு-இசட்டில் டிஸ்கை ஒவ்வொன்றாகச் சேர்க்கும் வசதி 2025 ஜனவரியில், ஓபன் இசட்எஃப்எஸ் 2.3-இல்தான் வந்தது. அதிலும் பழைய தரவு பழைய பேரிட்டி விகிதத்திலேயே கிடக்கும், மறுபடி எழுதினால்தான் மாறும். லைசென்ஸ் தகராறால் இசட்எஃப்எஸ் லினக்ஸின் மையமான கெர்னலுக்குள் இல்லை, தனி மாட்யூலாகத்தான் சேர்க்க வேண்டும். கெர்னலை அப்டேட் செய்யும் முன் மாட்யூல் ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும்.

பிடிஆர்எஃப்எஸ் 2009 முதல் கெர்னலிலேயே இருக்கிறது. ரெய்டு 1 நன்றாக ஓடும். ரெய்டு 5, 6 பக்கம் போகாதீர்கள்; அதன் ஆவணமே வேண்டாம் என்கிறது. எம்டிஅட்ம் கிழட்டுக் குதிரை, விழாது. ஆனால் தரவும் பேரிட்டியும் முரண்பட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது.

நான் இரண்டாகப் பிரிப்பேன். இரண்டு 8 டிபியும் இசட்எஃப்எஸ் மிரர் (இரண்டிலும் ஒரே பிரதி): ஆவணங்கள், டேட்டாபேஸ். 12-உம் 16-உம் ஸ்னாப்ரெய்டு: வீடியோக்கள். மொத்தம் 20 டிபிதான் தேறும், குறைவுதான். ஆனால் அடுத்து ஒரு 16 டிபி வாங்கினால் வீடியோ பக்கம் அப்படியே முழுசாகச் சேர்ந்துகொள்ளும். எது எப்படியானாலும் ஆவணங்களுக்குத் தனி பேக்கப் வேண்டும், அது வேறு கணக்கு.