மதுரைக் கோயில் வட்டாரத்தில் சாப்பிட: கடையைப் பார்ப்பதற்கு முன் கடிகாரத்தைப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு மதுரைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் மேலப் பெருமாள் மேஸ்திரி வீதியிலோ டவுன்ஹால் ரோட்டிலோ அறை எடுக்கிறார்கள். ரயில் நிலையம் ஒரு பக்கம், மீனாட்சியம்மன் கோயில் மறுபக்கம், இரண்டுமே நடக்கிற தூரம். ஒருவருக்கு ஒரு வேளைக்கு 150 முதல் 400 ரூபாய் வரை ஆகும் நடுத்தர உணவகங்களும் இங்கே நிறைய. எந்தக் கடை நல்ல கடை என்று கேட்பவர்களிடம் நாங்கள் திருப்பிக் கேட்பது, எத்தனை மணிக்குப் போகிறீர்கள் என்பதைத்தான்.

காலை டிபனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏழு, ஏழரைக்குப் போனால் இட்லி ஈடு ஈடாக இறங்கிக்கொண்டிருக்கும், தட்டில் இருந்து நேராக இலைக்கு வரும். பத்து மணிக்கு மேல் கூட்டம் குறைந்ததும், அவித்ததைப் பாத்திரத்தில் மூடி வைத்து எடுத்துக் கொடுப்பார்கள். உள்ளே தங்கும் ஆவி நீராகி இட்லியின் அடி நசநசத்துவிடும். விடிகாலையில் அரைத்த தேங்காய்ச் சட்னியும் வெயில் ஏற ஏறப் புளிக்கத் தொடங்கும். தாமதமாகத்தான் போக முடியும் என்றால் இட்லியை விட்டுவிட்டு, கல்லில் புதிதாக வார்க்கிற ஊத்தப்பம், ரவா தோசை கேளுங்கள். தொட்டுக்கொள்ளச் சூடான சாம்பார் அல்லது நல்லெண்ணெய் விட்ட பொடி போதும். வெளிநாட்டில் இருந்து வந்த முதல் இரண்டு மூன்று நாள் வயிற்றுக்கு அதுதான் பாதுகாப்பு.

மதியச் சாப்பாட்டு நேரத்தைத் தீர்மானிப்பது கோயில். காலையில் திறந்த நடையை 12.30 மணி வாக்கில் சாத்தி, மாலை 4 மணிக்குத் திறக்கிறார்கள். நடை சாத்தியதும் உள்ளே இருந்த கூட்டம் மொத்தமும் சுற்று வீதிகளில் இறங்கும். பன்னிரண்டே முக்கால் மணியிலிருந்து இரண்டு வரை நீங்கள் சாப்பிடும்போதே உங்கள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் நிற்கும். பரிமாறுகிறவர் ரசத்துக்குத் திரும்பி வரும்போது உங்கள் சோறு ஆறியிருக்கும். அதனால் பதினொன்றரைக்கே தரிசனத்தை முடித்து, 12 மணிக்கு முதல் பந்தியில் உட்கார்ந்துவிடுங்கள். இரண்டரைக்குப் போனால் இடம் கிடைக்கும், ஆனால் பொரியலும் கூட்டும் தீர்ந்திருக்கும். மூன்றரைக்குப் போனால் வடை, பஜ்ஜி, காபி மட்டும்தான். மறுபடி தோசைக்கல் சூடேற மாலை ஆகிவிடும்.

இதில் இன்னொரு சிக்கல், கைபேசி. 2018ஆம் ஆண்டு உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு கோயிலுக்குள் கைபேசி கொண்டுபோக முடியாது. வாசலில் கொடுத்து டோக்கன் வாங்க வேண்டும், கொடுத்த இடத்துக்கே வந்துதான் திரும்பப் பெற வேண்டும். கிழக்கு வாசலில் செருப்பையும் போனையும் கொடுத்துவிட்டு மேற்கில் சாப்பிடப் போகத் திட்டம் போட்டால், உச்சி வெயிலில் வெறுங்காலோடு சித்திரை வீதியைச் சுற்ற வேண்டியிருக்கும். சின்னப் பிள்ளைகளின் பாதம் பொத்துப்போகும். தங்குவதும் சாப்பிடுவதும் மேற்கே என்றால் மேலக் கோபுர வாசல் வழியாகவே போய் வாருங்கள்.

மாலை, இரவு அசைவக்காரர்களுக்கு. சிம்மக்கல் கோனார் கடையால் பேர்பெற்ற கறி தோசையை ஒரு முறையாவது சாப்பிடத்தான் வேண்டும். மாவைத் தடிமனாக ஊற்றி, மேலே முட்டையை உடைத்து விட்டு, வெந்த மட்டன் கறியை மசாலாவோடு பரப்பித் திருப்பிப் போடுவார்கள். ஒன்றே ஓர் ஆளுக்கு நிறைய, இரண்டு பேர் ஒன்றைப் பகிர்ந்து, பிறகு சுக்காவோ கோலா உருண்டையோ கேட்கலாம். பார்சல் மட்டும் வாங்காதீர்கள். அறைக்குப் போவதற்குள் ஆட்டுக் கொழுப்பு உறைந்து அடித்தோசை ரப்பராகிவிடும். அயிரை மீன் குழம்பு வேண்டுமென்றால் வைகைக்கு வடக்கே தல்லாகுளம் மெஸ்களுக்கு ஆட்டோவில் போங்கள், மதியத்திலேயே போங்கள்.

சில விடுதிகளில் மொட்டைமாடி உணவகம் உண்டு. கோபுரங்களைப் பார்த்தபடி சாப்பிட அருமையான இடம், அதற்கேற்ற விலையும் இருக்கும். காற்றில் தோசை சீக்கிரம் ஆறும், அங்கே குருமா, கிரேவி வகைகளே சரி.

ஒவ்வாமை உள்ளவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது: கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், அதனால் கோதுமை ஆகாதவர்களுக்குச் சாம்பாரும் ரசமும் ஆகாது. ரவா தோசையும் அப்படியே. குருமாவில் முந்திரி அரைத்திருப்பார்கள், கல்லில் கடலை எண்ணெய் தடவுவார்கள். “அலர்ஜி” என்று பொதுவாகச் சொன்னால் காரம் குறைக்கச் சொல்வதாக நினைத்துத் தலையாட்டிவிடுவார்கள். “முந்திரி போட்டிருக்கா, கடலை எண்ணெயா?” என்று பொருளின் பெயரைச் சொல்லி, மேற்பார்வையாளரிடமே கேளுங்கள். ஜிகர்தண்டாவில் பாதாம் பிசின், நன்னாரி சர்பத்தோடு பாலும் பாசுந்தியும் ஐஸ்கிரீமும் சேரும், பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் பருத்திப்பாலைத் தேடுங்கள்.

பில்லில் வர வேண்டியது 5 சதவீத ஜிஎஸ்டி. சர்வீஸ் சார்ஜ் என்று தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொல்லியிருக்கிறது, இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பல கடைகளில் ஏசி ஹாலுக்குத் தனி விலைப்பட்டியல் உண்டு. உட்காரும் முன் எந்தப் பட்டியல் என்று கேட்டுவிட்டால் கடைசியில் வாக்குவாதம் இல்லை. வெளிநாட்டு அட்டையை நம்பிப் போகாதீர்கள், சின்னக் கடைகளில் யுபிஐ (வங்கிக் கணக்கிலிருந்து கைபேசி வழியே பணம் செலுத்தும் முறை) அல்லது ரொக்கம்தான். அமெரிக்கா, சிங்கப்பூர், பிரிட்டன் உள்ளிட்ட நாடுகளின் கைபேசி எண்ணை வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ, என்ஆர்ஓ வங்கிக் கணக்கோடு இணைத்து யுபிஐ பயன்படுத்தலாம், உங்கள் வங்கி அனுமதிக்கிறதா என்று கிளம்பும் முன்பே பாருங்கள். போன பயணத்தில் மிச்சமான 2000 ரூபாய்த் தாளைக் கொண்டுவர வேண்டாம். 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெற அறிவித்த பிறகு எந்தக் கல்லாவிலும் வாங்குவதில்லை.

பொங்கலுக்கு வருகிறவர்கள் திருவள்ளுவர் தினத்தன்று கறிக்கடைகளுக்கு விடுமுறை என்பதை நினைவில் வையுங்கள், அசைவக் கடைகளில் அன்றைக்குப் பாதி வகைகள் இருக்காது. காந்தி ஜெயந்தி, மகாவீரர் ஜெயந்தி, தைப்பூசத்தன்று வரும் வள்ளலார் தினம் ஆகியவற்றுக்கும் அதே விடுமுறைதான். கறி தோசையை முந்தைய நாள் மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.