மூணாறா, வால்பாறையா?

ஊட்டியும் கொடைக்கானலும் பார்த்து முடித்த கொங்கு, மதுரை வட்டாரக் குடும்பங்களில், சேர்ந்தாற்போல் மூன்று நாள் விடுமுறை கிடைத்தால் எழும் கேள்வி இது. இரண்டும் ஆனைமலைத் தொடரில் இருக்கும் தேயிலை ஊர்கள். வரைபடத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் தெரியும். ஆனால் நடுவில் காடும் சிகரங்களும் நிற்பதால் நேர்ச்சாலை கிடையாது. வால்பாறையிலிருந்து மூணாறு போக வேண்டுமானால் பொள்ளாச்சிப் பக்கம் இறங்கி, உடுமலைப்பேட்டை போய், மறுபடி மலையேற வேண்டும். ஒரே விடுமுறையில் இரண்டையும் சேர்த்தால் பாதிப் பொழுது வளைவுகளிலேயே கழிந்துவிடும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதே நல்லது.

மலையின் கம்பீரத்தை மட்டும் வைத்துச் சொன்னால் மூணாறுக்கு ஈடு இல்லை. ஊரே ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தேயிலைச் சரிவு முடியும் இடத்தில் பாறை தொடங்குகிறது, அதற்கு மேல் புல்வெளி, அதற்கும் மேல் மேகம். தென்னிந்தியாவின் மிக உயர்ந்த சிகரமான ஆனைமுடி (2,695 மீட்டர்) இங்கேதான். மார்கழி, தை மாதங்களில் சில எஸ்டேட்களில் புல்லின் மீது உறைபனி படியும். வால்பாறை உயரத்தில் குறைவு, குளிரும் மிதம். அங்கே தேயிலை சிறுசிறு குன்றுகளாகப் பரந்து கிடக்கும். குன்றுகளுக்கு இடையில் சோலைத் துண்டுகள், பள்ளத்தில் ஓர் ஆறு. பார்த்த மாத்திரத்தில் மலைக்க வைக்காது. நின்று பார்ப்பவருக்குத்தான் அதன் அழகு பிடிபடும்.

மேலே ஏறும் வழியிலும் இரண்டுக்கும் தனித்தனிச் சுவை உண்டு. மூணாறுக்கு உடுமலை வழியாகப் போவதையே நான் எப்போதும் பரிந்துரைப்பேன். சின்னாறு மழை மறைவுப் பகுதி, முள்மரங்களும் வறண்ட பாறைகளும்தான். சற்றுத் தள்ளி மறையூரில் சந்தனக் காடும், கரும்பு வயல்களும், வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளும். அதைத் தாண்டினால் குளிரும் தேயிலையும். ஒரே காலைப் பொழுதில் மூன்று வெவ்வேறு நிலங்களைக் கடந்துவிடலாம். தேனிப் பக்கத்தினருக்குப் போடிமெட்டு, பூப்பாறை வழி கிட்டம். வழிநெடுக ஏலத் தோட்டங்கள்.

வால்பாறைச் சாலையில் ஆழியாறு தாண்டியதும் 40 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் எண் பலகை. ஒன்பதாவது வளைவில் வண்டியை நிறுத்தாமல் போகாதீர்கள். கீழே ஆழியாறு அணை முழுவதும் தெரியும். அதிர்ஷ்டம் இருந்தால் கைப்பிடிச் சுவர் ஓரத்திலேயே வரையாடு மேய்ந்துகொண்டிருக்கும்.

இதே வரையாட்டை மூணாறில் பார்க்க இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும். டிக்கெட், வரிசை, பூங்காவின் பஸ் என்று அரை நாள் போய்விடும். குட்டி ஈனும் பருவமான பிப்ரவரி, மார்ச்சில் பூங்காவை மூடிவிடுவார்கள். மூட வேண்டியதும்தான். அந்த மாதங்களில் வரையாட்டுக்காகவே மூணாறு போகிறவர்கள் தேதியை மாற்றிக்கொள்ளுங்கள்.

வன உயிர்கள் என்று வந்தால் என் ஓட்டு வால்பாறைக்கே. ஊரை ஒட்டிய புதுத்தோட்டம் பகுதியில் சிங்கவால் குரங்குகள் சாலையோர மரங்களிலேயே இருக்கும். கரிய உடல், முகத்தைச் சுற்றிச் சாம்பல் நிறப் பிடரி மயிர், நுனியில் குஞ்சம் வைத்த வால். பலாப்பழக் காலத்தில் ஒன்று பழத்தைக் கிழித்துச் சுளையை எடுக்க, குட்டி அதன் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இயற்கையில் இல்லாத உயிர் அது. சாலையைக் கடக்கும்போது வண்டியில் அடிபட்டுவிடக் கூடாது என்பதற்காக மரத்துக்கு மரம் பாலம் கட்டியிருக்கிறார்கள். தயவுசெய்து பிஸ்கட் நீட்டாதீர்கள். தின்பண்டத்துக்குப் பழகிய குரங்கு சாலைக்கு இறங்கிவிடும். சாலைக்கு இறங்கிய குரங்குக்கு ஆயுள் குறைவு.

யானைகள் சோலைக்குச் சோலை தேயிலை வழியாகவே நடக்கும். எந்த எஸ்டேட் பக்கம் நிற்கின்றன என்பதைக் குறுஞ்செய்தி மூலமும் சிவப்பு எச்சரிக்கை விளக்குகள் மூலமும் மக்களுக்குத் தெரிவிக்கும் ஏற்பாட்டை இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆய்வாளர்கள் இங்கே உருவாக்கினார்கள். விளக்கு எரிந்தால் உள்ளூர்க்காரர்கள் போவதில்லை. நாமும் போகக் கூடாது. சிறுத்தை நடமாட்டமும் உண்டு. இருட்டிய பிறகு தேயிலைப் பக்கம் படம் எடுக்க இறங்குவது ஆபத்து.

படகு, பூங்கா, கடைத்தெரு என்று வீட்டில் ஆளுக்கொன்று கேட்டால் மூணாறுதான் சரி. மாட்டுப்பட்டி, குண்டளை அணைகள், தேயிலை அருங்காட்சியகம், டாப் ஸ்டேஷன் என்ற காட்சிமுனை எல்லாம் ஒரே நாள் சுற்றில் அடங்கும். டாப் ஸ்டேஷன் இருப்பது தமிழக எல்லைக்குள். குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலில் அங்கே வந்த தேயிலை, கம்பிவடம் வழியாகப் போடிப் பக்கம் இறங்கியது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆனால் தொடர் விடுமுறையில் மூணாறு-டாப் ஸ்டேஷன் சாலையில் வண்டிகள் நகராது. கூட்டம் பிடிக்காதவர்கள் திங்கள் முதல் வியாழனுக்குள் போய்வரலாம்.

மூணாறு கேரளத்தில் இருந்தாலும் தோட்டங்களில் கேட்பது பெரும்பாலும் தமிழ். தலைமுறைகளுக்கு முன் மலையேறியவர்களின் பிள்ளைகள் அவர்கள். 2015இல் கூலிக்காகவும் போனசுக்காகவும் சாலையில் அமர்ந்தவர்கள் இந்தத் தோட்டங்களின் பெண் தொழிலாளர்கள்தான். 2020 ஆகஸ்டில் பெட்டிமுடி நிலச்சரிவில் 70 உயிர்கள் போயின. லயங்கள் எனப்படும் வரிசை வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் குடும்பங்கள். கொழுந்து பறிப்பவர்களை அனுமதி கேட்காமல் படம் எடுப்பதை இரண்டு ஊர்களிலுமே நிறுத்த வேண்டும்.

தங்குமிடம் மூணாறில் எல்லா விலையிலும் உண்டு. வால்பாறையில் தேர்வு குறைவு, முன்பதிவு அவசியம். வெளியூர் வண்டிகளுக்கு 2025 நவம்பர் முதல் இ-பாஸும் வேண்டும். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை இரண்டையுமே தவிர்க்கலாம். வால்பாறையை அடுத்த சின்னக்கல்லாறு தமிழகத்தின் அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று, அட்டைக் கடியும் உறுதி.

முதல்முறை போகும் குடும்பத்துக்கும், வயதான பெற்றோரோடு போகிறவர்களுக்கும் மூணாறு. பறவை, விலங்கு, மழைக்காடு என்று ஆசை உள்ளவர்களுக்கு வால்பாறை, அதுவும் குறைந்தது இரண்டு இரவு. 2006இலும் 2018இலும் இரவிகுளத்தில் பூத்த நீலக்குறிஞ்சி அடுத்து 2030இல் பூக்க வேண்டும். அந்த ஆண்டு மட்டும் யோசிக்காமல் மூணாறுக்கே போங்கள்.