வீட்டு வயறிங் வேலை குடுக்கப்போறவை ஒருக்கா வாசிச்சிட்டுக் குடுங்கோ

யாழ்ப்பாணத்தில இப்ப பழைய வீடு திருத்தாத ஒழுங்கையே இல்லை. நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டில இருந்து ஆக்கள் வருகினம் எண்டால் ஏசி, கீசர், புதுக் குசினி எல்லாம் அதுக்குள்ள முடியவேணும். இந்த அவசரத்தை நம்பியே சில ஆக்கள் பிழைக்கினம். எங்களுக்கு வயறிங் செய்ய வந்தவரின்ர பேரை எழுதேல்லை. அவர் செய்த வேலையை மட்டும் சொல்லுறன், அதே வேலை உங்கட சுவருக்குள்ளயும் இருக்கலாம்.

கோண்டாவிலில அம்மா இருக்கிற வீடு. குசினியை நீட்டி, ரெண்டு அறைக்கு ஏசி, ஒரு கீசர், வீடு முழுக்கப் புது வயர். வந்தவர் கட்டாரில பெரிய கட்டடங்கள் செய்தவராம். சேட்டிபிக்கற் இருக்கோ எண்டு கேட்டதுக்குச் சிரிச்சார். "அண்ணை, பேப்பரிலயோ கறண்ட் வாறது?" சாமானும் தானே எடுத்துத் தாறன் எண்டார். அரைவாசிக் காசு முதல், மேசன் பூசி முடிய மிச்சம். சுவர் பூசினாப் பிறகு உள்ளுக்கை என்ன கிடக்கெண்டு ஆர் பாக்கிறது? அவருக்கு அது நல்லாத் தெரிஞ்சிருக்கு.

முடிய வடிவாத்தான் இருந்தது. சுவிச் எல்லாம் ஒரே மட்டத்தில. ஆனா ராவில லைற்றை நிப்பாட்டினாலும் எல்ஈடி பல்ப் மங்கலா எரிஞ்சுகொண்டிருந்தது. "சைனா பல்ப், அப்பிடித்தான்" எண்டார். பல்ப் மாத்தியும் அதேதான். மங்கலா எரியிறதுக்கு வேற காரணங்களும் இருக்கு, ஆனா எங்கட வீட்டில ஆள் சுவிச்சைக் கறண்ட் வாற லைவ் வயரில போடாமல், கறண்ட் திரும்பிப் போற நியூட்றலில போட்டிருக்கிறார். அப்பிடிப் போட்டால் சுவிச் நிப்பாட்டியிருந்தாலும் ஹோல்டரில கறண்ட் நிக்கும். பல்ப் மாத்தக் கை வைக்கிற ஆளின்ர கதியை யோசியுங்கோ.

பிறகு மழை தொடங்கிச்சுது. கிணத்து மோட்டரைப் போட றிப் சுவிச் (கறண்ட் கசிஞ்சால் தானே நிப்பாட்டுற விசை) விழும். கூப்பிட்டோம், வந்தார், கொஞ்ச நேரம் கிண்டினார், "சரி, இனி விழாது" எண்டு காசும் வாங்கிக்கொண்டு போனார். உண்மையா விழவே இல்லை. ஒரு நாள் அம்மா வெறுங்காலோட ஃபிறிட்ஜைத் திறக்கக் கை விறுவிறுத்திட்டுது. போன் எடுத்தால், "ஈரக் கையோட தொடாதேங்கோ அம்மா". அதோட அவரின்ர போனும் வேலை செய்யேல்லை.

தெரிஞ்ச ஆக்கள் சொல்லி, என்.வி.கியூ. 4 (தேசிய தொழிற் தகைமை) முடிச்ச ஒரு தம்பி வந்தார். முதல் வேலையா றிப் சுவிச்சில இருக்கிற ரெஸ்ற் பொத்தானை அமத்தினார். விசை டக்கெண்டு விழுந்தது. ஹோலில ஃபான் சுத்திக்கொண்டே இருந்தது. தம்பி ஒண்டும் கதைக்கேல்லை, மெயினை நிப்பாட்டிப்போட்டு மூடியைக் கழட்டினார். வீட்டுக்குள்ள போற வயர்களையும் கறண்ட் வாற பக்கத்திலயே சேத்து முறுக்கிக் கிடந்தது. மோட்டரின்ர கசிவு அப்பிடியே இருக்க, அதைக் காட்டிக்குடுத்த சாமானை விலத்தி விட்டிருக்கிறார்.

வீட்டு றிப் சுவிச் 30 மில்லி அம்பியர் கசிஞ்சாலே விழவேணும். 9 வாட் பல்ப் எடுக்கிற கறண்டையும் விட அது குறைவு. எர்த் சரியா இருந்தால் ஆள் தொட முந்தியே விழும். எர்த் இல்லாட்டி ஆள் தொட்டாத்தான் விழும். எங்கட வீட்டில எர்த்தும் இல்லை, றிப் சுவிச்சும் வேலையில்லை. பச்சை வயர் சுவரால இறங்கி வந்து, சீமெந்துக்குக் கீழ வெட்டின நுனியா நிண்டது. எர்த் கம்பியே அடிக்கேல்லை. எங்கட பக்கம் கொஞ்சம் இறக்கினால் சுண்ணாம்புக்கல்லு தட்டும், கஷ்டமான வேலைதான். அதுக்காகக் கம்பிக்குக் காசு வாங்கிறதோ?

கீசர்தான் பெரிய கூத்து. 3,500 வாட் கீசர், 230 வோல்ற்றில 15 அம்பியருக்கு மேல இழுக்கும். கணக்கில எழுதினது 7/1.04, அதாவது 6 சதுர மில்லிமீற்றர் வயர். சுவருக்குள்ள இருந்தது லைற்றுக்குப் போடுற 1/1.13, வெறும் 1 சதுர மில்லிமீற்றர். அதுக்கு 20 அம்பியர் பிறேக்கர். வயர் உருகினாலும் அந்தப் பிறேக்கர் விழாது. கேசிங்குக்குள்ள வயரை முறுக்கி ரேப் சுத்தின ஜொயின்ற்றுகள் வேற. பூசின சுவரைத் திரும்ப உடைச்சம்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 எண்ட நம்பருக்குப் போன் அடிச்சுச் சொல்லலாம், இணக்க சபைக்கும் போகலாம். ஆனா எங்களிட்டை இருக்கிறது கொப்பித் தாளில எழுதின கணக்கு மட்டும், அவரின்ர கையெழுத்தில்லை. அதால சாமானை நீங்களே கடையில பில்லோட எடுங்கோ, அளவு வயரிலயே அச்சடிச்சிருக்கும். சேட்டிபிக்கற்றைக் கையில வாங்கிப் பாருங்கோ. பேப்பர் இல்லாமல் திறமாச் செய்யிற அண்ணைமாரும் இருக்கினம், நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா அவை எர்த்தை அளந்து காட்டச் சொன்னால் கோவிக்கமாட்டினம். பூச முந்தி ஒவ்வொரு சுவரையும் போனில படம் எடுங்கோ, கடைசிக் காசைச் சோதிச்சுக் காட்டினாப் பிறகு குடுங்கோ.

இப்ப ஃபானைப் போட்டுட்டு உங்கட றிப் சுவிச்சின்ர ரெஸ்ற் பொத்தானை ஒருக்கா அமத்துங்கோ. விசை விழாட்டியும், விழுந்தும் ஃபான் சுத்தினாலும், நீங்கள் மூடியைக் கழட்டப்போகாதேங்கோ. மெயினை நிப்பாட்டிப்போட்டு, படிச்ச ஒராளைக் கூப்பிடுங்கோ.