திருப்பாச்சேத்தி அரிவாளும் நேபாளக் குக்ரியும்: புழங்கப் புழங்கத் தெரிபவை

பட்டறையிலிருந்து வந்த புதிதில் அரிவாள் பெரும்பாலும் ஏமாற்றும். நாலு தென்னை மட்டை வெட்டியதுமே வாய் (வெட்டும் ஓரம்) மடங்கிவிட்டால், தோய்ச்சல் (காய்ந்த எஃகை நீரிலோ எண்ணெயிலோ இறக்கி இறுக்குவது) சரியில்லை என்று மூலையில் போட்டுவிடுகிறார்கள். அவசரம் வேண்டாம். உலையில் காயும்போது எஃகின் மேல்தோலில் உள்ள கரிமம் கொஞ்சம் எரிந்துபோகும். வாய் மெலிந்த இடம். அங்கே தோலைத் தாண்டி உள்ளே அதிகம் இருக்காது. போதாக்குறைக்கு, மின்சாணையில் அழுத்திப் பிடித்தால் ஓரம் நீலம் பாய்ந்து பதம் இறங்கிவிடும். மூன்று நான்கு தீட்டலில் இந்த வலுவிழந்த ஓரம் தேய்ந்துபோன பிறகு வருவதுதான் அந்த அரிவாளின் சொந்தக் கருக்கு. ஆறு மாதமாவது புழங்காமல் தீர்ப்புச் சொல்ல முடியாது.

சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி அரிவாளையும், கிழக்கு நேபாளத்தில் தரான், போஜ்பூர் பக்கம் அடிக்கும் வளைந்த அலகுக் கத்தியான குக்ரியையும் சேர்த்துப் பேசக் காரணம் உண்டு. இரண்டுமே இப்போது பெரும்பாலும் கழித்துப்போட்ட லாரி வில்பட்டையில் (லீஃப் ஸ்பிரிங்) பிறப்பவை. (அங்கே குக்ரி அடிக்கும் காமி சமூகத்தார் பலர் பெயரோடு விஸ்வகர்மா என்று போட்டுக்கொள்வதும் நம்மூர்க் கொல்லருக்கு அந்நியமாகத் தெரியாது.) வில்பட்டையில் கரிமம் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம். நல்ல சமையல் கத்திபோல நுண்ணிய கூர் நாள்கணக்கில் நிற்காது. ஆனால் விறகுக் கணுவில் மாட்டினாலும் லேசில் உடையாது. கட்டடக் கம்பியில் அடித்த மலிவுச் சரக்கில் கரிமம் குறைவு, எத்தனை முறை தோய்த்தாலும் வாய் இறுகாது. சந்தேகம் வந்தால் முதுகை ஒரு நொடி சாணையில் தொடுங்கள். பொறி கிளைவிடாமல் நீளநீளமாக ஓடினால் சாதா இரும்பு. மத்தாப்புபோலப் பூத்துச் சிதறினால் வில்பட்டை.

பழைய பட்டைக்கு ஒரு குறை உண்டு. வருஷக்கணக்கில் வளைந்து நிமிர்ந்ததில் மயிரளவு விரிசல் விழுந்திருக்கலாம். பிடி போடுமுன் காம்பை (பிடிக்குள் போகும் அலகின் வால்) நூலில் கட்டித் தொங்கவிட்டு ஸ்பேனரால் தட்டினால், முழு எஃகு மணிபோல இழுத்து ஒலிக்கும்; விரிசல் கண்டது சட்டென அடங்கும்.

இனி தோய்ச்சல். கருவியின் ஆயுளை முடிவு செய்வது இதுதான். ஏறத்தாழ 770 டிகிரி செல்சியஸில் எஃகு காந்தத்தை விட்டுவிடும். அதற்குச் சற்று மேலே செக்கச்செவேலென்று காய்ந்ததும் வாயை மட்டும் தண்ணீரிலோ எண்ணெயிலோ இறக்குவார்கள். முதுகில் தங்கிய சூடு மெல்ல வாய்க்குத் திரும்பும். தேய்த்து வெளுப்பாக்கிய இடத்தில் வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று வரிசையாக நிறம் ஓடும். மஞ்சள் 220-230 டிகிரி. நீலம் 300-ஐ ஒட்டி. வெட்டரிவாளுக்குப் பழுப்பில் நிறுத்துவது நல்லது. நீலம்வரை விட்டால் வாய் மடங்கும். மஞ்சளுக்கும் முன்னால் அணைத்தால் உதிரும். குக்ரியை முழுசாக முக்குவதில்லை. கெட்டிலைச் சாய்த்து வாயோரமாக மட்டும் நீர் வார்க்கிறார்கள். ஆகவே வெட்டு விழும் வயிற்றுப் பகுதி இறுகி, முதுகு இளகி நிற்கும். நுனி அந்த அளவு இறுகியிராது. தகர டப்பாவைத் திறக்கப் போனால் வளைந்துகொள்ளும்.

வாங்கும் இடத்திலேயே ஒரு நுண்ணரத்தால் வாயின் அடி, வயிறு, நுனி மூன்றிலும் உரசிப் பார்க்கலாம். வயிற்றில் அரம் வழுக்க வேண்டும், முதுகில் கடிக்க வேண்டும். முதுகிலும் வழுக்கினால் அதை வாங்காதீர்கள், ஒருநாள் இரண்டாகப் போகும்.

வேலைச் சோதனைக்குக் காய்ந்த மூங்கிலைவிட நேர்மையானது இல்லை. ஐம்பது வெட்டு வெட்டிவிட்டு, வாயை மேல்நோக்கிப் பிடித்து விளக்கொளியில் பாருங்கள். கூரான வாய் ஒளியைத் திருப்பாது. மழுங்கிய இடம் வெள்ளிப் பொட்டாக மின்னும். மடங்கியிருந்தால் விரல் நகம் ஒரு பக்கம் மட்டும் தட்டுப்படும். உதிர்ந்திருந்தால் உடைவாயைக் கவனியுங்கள்: உப்புக்கல் மாதிரி பெருமணியாகத் தெரிந்தால் உலையில் அளவுக்கு மீறிக் காய்ந்தது, மறுபடி பட்டறைக்குத்தான் போகவேண்டும். நுண்மணியாக இருந்தால் பிடியைக் கழற்றி, ஓவனில் 220 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து ஆறவிட்டு, இன்னொரு முறை அப்படியே செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆணியை வெட்டிக் காட்டுவதெல்லாம் சந்தை வித்தை.

வேலைக்கு எது என்று கேட்டால், வேலியும் மட்டையும் கழிக்க அரிவாள்தான். வளைந்த மூக்கு கிளையை இழுத்துப் பிடித்துக்கொடுக்கும், குக்ரியால் அது முடியாது. விறகு பிளக்கவும் மூங்கில் துண்டாடவும் குக்ரி ஒரு படி மேல். 10 அங்குல அலகில் எடை முன்பக்கம் இருப்பதால் கை தானாக இறங்கும். மெலிந்த சிருபாதே வகை பார்க்க அழகு, விறகுக்கு ஆகாது. அகன்ற போஜ்பூரே வாங்குங்கள். பாளை சீவும் அரிவாள் தனி ஜாதி, அதை மரத்தில் வைத்தால் அன்றோடு முடிந்தது.

இரண்டிலும் முதலில் கைவிடுவது பிடி. காம்பைப் பழுக்கக் காய்ச்சி மரத்தில் இறக்கிப் பூண் போடும் முறையில், மழைக்காலத்தில் மரம் உப்பி இறுகியிருக்கும், சித்திரை வெயிலில் சுருங்கி ஆடும். தண்ணீரில் ஊறப்போட்டால் இறுகுவது நாலு நாளைக்கு. உள்ளே காம்பு துருப்பிடிப்பதுதான் மிச்சம். கழற்றி, துருவைச் சுரண்டி, அரால்டைட் வார்த்து ஒருநாள் காயவிடுங்கள். குக்ரியின் காம்பு லாகா என்ற அரக்குக் கலவையில் நிற்பது. வெயிலில் நிறுத்திய காருக்குள் கிடந்தால் இளகிவிடும். முதுகால் தேங்காய் உடைக்கும் பழக்கமும் பிடியை வேகமாக ஆட்டம் காணவைக்கும்.

தீட்டுவதற்கு 240, 400, 1000 எண் கல் போதும் (எண் கூடக்கூட கல் நைசு). பக்கத்துக்கு 20-25 டிகிரி சாய்வில், வாயின் பின்புறம் லேசான புடைப்பு இருக்கும்படி உருட்டித் தீட்டுங்கள். தட்டையாக வழித்தால் முதல் கணுவிலேயே பல் விழும். அரிவாள் மூக்கின் உள்வளைவில் தட்டைக் கல் சேராது. உருண்டைக் கம்பில் நீர்த்தாள் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) சுற்றிக்கொள்ளுங்கள். குக்ரியோடு வரும் இரண்டு குட்டிகளில் கர்தா சிறு வேலைக் கத்தி, சக்மக் மடிந்த வாயை நிமிர்த்த. சக்மக்கால் புதுக் கூர் எடுக்க முடியாது.

வாழைச்சாறும் மாங்காய்ப் பாலும் பட்டால் அன்றே கழுவித் துடைக்காவிட்டால் கறுத்துவிடும். அந்தக் கறை கெடுதல் இல்லை, செந்துருதான் எதிரி. நல்லெண்ணெய் நாள்பட்டால் பிசினாகும். உணவில் படும் கருவிக்குத் தேங்காயெண்ணெய், எடுத்துவைக்கும் கருவிக்குத் தையல் மெஷின் எண்ணெய். குக்ரியைத் தோலுறையிலேயே போட்டுவைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உருவும்போது விரல்கள் உறையில் அலகின் கூர் இருக்கும் பக்கத்தைச் சுற்றிப் பிடிக்கவே கூடாது. தையல் விட்ட உறையை அலகு அறுத்துக்கொண்டு வெளியே வரும்.

சேகரிப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளவேண்டும். இந்திய ஆயுத விதிகளின் பட்டியலில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகள் வருகின்றன. குக்ரி பெயர் சொல்லியே குறிக்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. வெட்டரிவாள் அதற்குள் அடங்கும், வீச்சரிவாளை அப்படிச் சொல்லி நிறுவுவது கஷ்டம்.